ஷெல்டருக்குள் காணாமல் போன அப்பா

போன சனிக்கிழமை மதியம் நான் இறந்துபோனேன்.

அதிக நேரம் இல்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம். என் மகள் முழுதாக நம்பினாள். எதிர்வீட்டு சரோஜா அக்கா பாதி நம்பினார். செய்தி எட்டாத ஒரே ஆள் நான்தான். அந்த ஒரு மணி நேரமும் நான் உயிரோடு, உற்சாகமாக, இசைத்தட்டு கழுவிக்கொண்டிருந்தேன்.

இசைத்தட்டு என்றதும் என்னைப் பெரிய ரசிகன் என்று நினைத்துவிடாதீர்கள். தட்டுகள் என் மகள் ரீனாவுடையவை. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கைப்பேசியில் உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது. ஆனாலும் அவளுக்குக் கறுப்புத் தட்டு வேண்டும், ஊசி வேண்டும், எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். ஏன் என்று கேட்டேன். "இதுல ஈஸியா ஸ்கிப் பண்ண முடியாதுப்பா. அதான்" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையாட்டினேன்.

அப்புறம் நான் எப்படி இதில் மாட்டினேன்?

போன வருடம் கடற்கரைப் பூங்காவில் ரீனா சைக்கிளிலிருந்து விழுந்தாள். தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவளுடைய கைப்பேசி எங்கோ தெறித்துவிட்டதால், பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த யாரோ ஒருவர் தன் கைப்பேசியிலிருந்து என்னை அழைத்தார். தெரியாத எண். தெரியாத குரல். "அங்கிள், உங்க மக இங்க..." என்று தொடங்கிய அந்த வாக்கியத்தை அவர் முடிப்பதற்குள் நான் மனதுக்குள் என்னென்னவோ முடித்துவிட்டேன்.

எலும்பு கூடிவிட்டது. அவள் அதை மறந்தும் விட்டாள். நான்தான் இன்னும் அந்த வாக்கியத்தின் நடுவிலேயே நிற்கிறேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் இன்றும் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். எதிர்முனையில் யாரோ "லோன் வேணுமா சார்?" என்று கேட்டதற்கு, "ரொம்ப நன்றிங்க... ரொம்ப நன்றி" என்று தழுதழுத்திருக்கிறேன். அவர் பயந்துபோய் போனை வைத்துவிட்டார்.

அவள் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்த அந்த வாரங்களில் நாள் முழுக்கத் தட்டு சுழன்றுகொண்டே இருக்கும். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். "அப்பா, ஏதாவது வேலை பாருங்க. ப்ளீஸ்" என்றாள். சரி என்று ஒரு துணியை எடுத்துத் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அன்று பிடித்தது.

சிங்கப்பூரின் தேக்காவில் ஒரு மாடியில் பழைய ரெக்கார்டு விற்கும் சின்னக் கடை இருக்கிறது. கீழே பூக்கடை, மேலே இது. போய் விசாரித்ததில், துணியால் துடைப்பது அழுக்கை இடம் மாற்றுவதுதான் என்று கடைக்காரர் வருத்தத்தோடு சொன்னார். அப்படியே உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். ரெக்கார்டு கழுவும் மெஷின். பழையது. ஆனால் ஓடும்.

மேலே தட்டைச் சுழற்றும் மேடை. தட்டின்மேல் கழுவும் திரவத்தை விட்டுப் பிரஷால் பரப்ப வேண்டும். பிறகு, வெல்வெட் உதடு வைத்த ஒரு குழாயைத் தட்டின்மேல் இறக்கிச் சுவிட்சைப் போட்டால், கோடுகளுக்குள் கிடக்கும் அழுக்கை ஈரத்தோடு சேர்த்து உறிஞ்சி எடுத்துவிடும். உள்ளே இருப்பது வேக்குவம் கிளீனர்தான். கொஞ்சம் படித்த வேக்குவம் கிளீனர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணே, ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க" என்றார் கடைக்காரர். "உறிஞ்சும்போது ரெண்டு சுத்து போதும். அதுக்கு மேல ஓட்டினா ரொம்பக் காஞ்சு ஸ்டேட்டிக் ஏறிடும். அப்புறம் வீட்ல இருக்க தூசியெல்லாம் அதுவே இழுத்து ஒட்ட வச்சுக்கும்."

கேட்டேன். தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து ஐந்து சுற்று ஓட்டினேன்.

இரண்டு சுற்றை எப்படி நம்புவது? ஒரு துளி உள்ளே தங்கிவிட்டால்? அந்தத் துளியில் ஒரு துகள் இருந்துவிட்டால்? மறுநாள் பார்த்தால் தட்டின்மேல் தூசி ஆனந்தமாகப் படிந்திருக்கும். பார்த்தீர்களா, நல்லவேளை கவனித்தோம் என்று திரும்பவும் கழுவுவேன். ஐந்து சுற்று. ஒரே தட்டை ஒரே வாரத்தில் திரும்பத் திரும்பக் கழுவியவன் இந்தத் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"நீங்க பாட்டே கேக்குறதில்லப்பா" என்றாள் ரீனா ஒருநாள். "கழுவ மட்டும்தான் செய்றீங்க."

சத்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாங்கள் இருப்பது விமான நிலையத்துக்குப் பக்கத்தில், தெம்பனிஸில். தலைக்கு மேலே விமானம் போவது எங்களுக்குப் பழக்கம். இது தலைக்கு மேலே போகும் விமானம் அல்ல... மடியில் இறங்கும் விமானம். என் மனைவி ஃபிலோ ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு சொன்னாள்: "ஒண்ணு அந்த மெஷின் ஷெல்டருக்குப் போகணும். இல்லாட்டி நீங்க ரெண்டு பேரும் சேந்து போங்க."

சேர்ந்தே போனோம்.

இங்கே அரசு கட்டிக்கொடுக்கும் வீவக அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் பாம் ஷெல்டரைத்தான் சொல்கிறேன். தடித்த கான்கிரீட் சுவர், கனத்த இரும்புக் கதவு. குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்வதற்கான அறை. குண்டு விழும்வரை அரிசி மூட்டையும் கிறிஸ்துமஸ் மரமும் ஒளிந்துகொண்டிருக்கும். நடுவில் ஒரு மேசை போட்டேன். கட்டுமான வேலைக்காரர்கள் காதில் மாட்டும் தடிமனான காதடைப்பான் ஒன்றும் வாங்கிக்கொண்டேன். கதவைச் சாத்திக்கொண்டால் நானும் மெஷினும்தான். ஒரு பதற்றக்காரனுக்கு வீட்டிலேயே இதைவிடப் பாதுகாப்பான இடம் வேறு எது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ரீனாவுக்கு ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. எங்கே? நெதர்லாந்தில். உலகத்தில் எத்தனையோ நாடுகள் இருக்க, குழந்தை முதல் பிரதமர் வரை எல்லோரும் சைக்கிளில் போகும் நாடு. திங்கட்கிழமைக்குள் பல்கலைக்கழகத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். என் அனுமதி சட்டப்படி தேவையில்லை. இருந்தாலும் அவள் கேட்டாள். நான் "பார்ப்போம்" என்றேன். நம் வீடுகளில் அப்பா "பார்ப்போம்" என்றால் என்ன அர்த்தம் என்று பிள்ளைகளுக்குத் தெரியாதா?

சனிக்கிழமை காலை இட்லி சாப்பிடும்போது மறுபடியும் அந்தப் பேச்சு வந்தது. நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "தலை ஒரு மாதிரி சுத்துது" என்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சுற்றவில்லை. நெதர்லாந்து என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்கு வரும் தலைசுற்றல் அது.

ரீனா தோழிகளைப் பார்க்கக் காத்தோங்குக்குக் கிளம்பினாள். விபத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. போய்ச் சேர்ந்தால் மெசேஜ். அங்கிருந்து கிளம்பினால் மெசேஜ். பஸ் ஏறினால் மெசேஜ். நான் உடனே கட்டைவிரல் படம் அனுப்புவேன். அவள் தட்டி முடிக்கும் முன்பே என் கட்டைவிரல் போய்விடும் என்று அவளுடைய தோழிகள் கிண்டல் செய்வார்களாம். ஃபிலோ சர்ச்சில் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். நான் கைப்பேசியைக் காற்சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஷெல்டருக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

குண்டு துளைக்காத சுவரை சிக்னல் மட்டும் எப்படித் துளைக்கும்? இதை நான் யோசிக்கவில்லை. யோசிப்பதையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் நான் யோசிக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததை எல்லாம் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ரீனா போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போட்டிருக்கிறாள். கட்டைவிரல் வரவில்லை. காத்திருந்திருக்கிறாள். அழைத்திருக்கிறாள். தொடர்பு கிடைக்கவில்லை. அம்மாவை அழைத்தால், அம்மா அல்லேலூயாவில் இருக்கிறாள். சரோஜா அக்காவை அழைத்திருக்கிறாள். அவர் ஓய்வுபெற்ற நர்ஸ். வந்து கிரில் கேட்டைத் தட்டி, என் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். வாசலில் என் செருப்பு. கம்பி வழியே பார்த்தால், ஹாலில் ஃபேன் ஓடுகிறது. லைட் எரிகிறது. உள்ளே எங்கோ 'உய்ய்ய்' என்று ஒரு சத்தம். பதில் இல்லை.

அக்கா அதை அப்படியே போனில் சொல்லியிருக்கிறார். காலையில் தலைசுற்றல் வேறு. மெஷின் ஓடுகிறது, ஆள் பேசவில்லை என்றால் மகள் வேறு என்ன நினைப்பாள்?

நான் அப்போது ஒரு தட்டின் முதல் பக்கத்தில் நான்காவது சுற்றில் இருந்தேன்.

திடீரென்று இரும்புக் கதவு திறந்தது. நான் துள்ளியதில் திரவப் பாட்டில் கவிழ்ந்து அரிசி மூட்டையில் கொட்டியது. வாசலில் ரீனா. அவளுக்குப் பின்னால் சரோஜா அக்கா, கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு. சட்டையில்லாமல், காதில் மஞ்சள் காதடைப்பானோடு, கையில் பிரஷோடு நான்.

ரீனாவின் உதடுகள் அசைந்தன. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதடைப்பானைக் கழற்றினேன்.

"...ஒரு மெசேஜ் போட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரே ஒரு மெசேஜ். வீட்ல ஒரு ஆளு காத்துக்கிட்டு இருப்பாங்கன்னு தோணாதா உங்களுக்கு?"

எங்கோ கேட்ட வசனம் மாதிரி இருந்தது. என்னுடையதுதான். ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை.

"நான் இங்கதாம்மா இருந்தேன்" என்றேன்.

"அதையேதானே நானும் சொல்வேன். நீங்க கேப்பீங்களா?"

அக்கா அதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டு, பேசிக்கொண்டு, வியர்த்துக்கொண்டிருந்தது அவருக்குப் போதவில்லை போலிருக்கிறது. "உங்கப்பா ஓகே லா, ரீனா. பல்ஸ் மட்டும் குதிரை மாதிரி ஓடுது" என்றார். பிறகு மெஷினைப் பார்த்தார். "இதுக்குத்தான் இவ்ளோ நாளா கூரை இடிஞ்சு விழுற மாதிரி சத்தமா? நான் மேல் வீட்ல ரெனோவேஷன்னுல்ல நெனச்சேன்."

அவர் போன பிறகுதான் ரீனா அழுதாள். கதவோரமாக, கிறிஸ்துமஸ் மரத்தின்மேல் சாய்ந்துகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி. டாக்சியில் வரும் வழியெல்லாம் அழுதிருக்கிறாள் என்பது முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் மருத்துவமனை லிஃப்டின் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

கதவு திறந்ததால் என் பையிலிருந்த கைப்பேசிக்கு உயிர் வந்தது. அதிர ஆரம்பித்து நிற்கவே இல்லை. எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ரீனா அனுப்பியவை, வரிசையாக.

'வந்துட்டேன்.'

'அப்பா?'

'கோவமா?'

'அப்பா விளையாடாதீங்க.'

கடைசியாக ஒன்று. 'சரி நான் நெதர்லாந்து போகல. ஓகேவா? இப்ப போன எடுங்க. ப்ளீஸ்.'

அதை நான் திரும்பவும் படித்தேன்.

நான் வேண்டியது அதுதான். இத்தனை நாளாக 'பார்ப்போம்' சொல்லி, நெற்றியைப் பிடித்து, தலைசுற்றி, நான் வாங்க முயன்றது அந்த ஒற்றை வரி. இப்போது எழுத்தில் கையில் இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டாமா? ஒரு பிள்ளை டாக்சியில் அழுதுகொண்டே, அப்பா உயிரோடு இருந்தால் போதும் என்று தன் ஆசையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ள எனக்குக் கை வரவில்லை. கையில் பிரஷ் வேறு இருந்தது.

"இது செல்லாது" என்று கைப்பேசியை அவளிடம் காட்டினேன். "செத்துப்போனவன்கிட்ட சொன்ன வார்த்தை."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தாள். "அப்ப உயிரோட இருக்கிற அப்பா என்ன சொல்றாரு?"

பார்ப்போம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழக்கதோஷம்.

"போயிட்டு வா" என்றேன். "ஹெல்மெட் போட்டுக்கிட்டு."

"அங்க யாருமே ஹெல்மெட் போட மாட்டாங்கப்பா."

"தலை சுத்துது ரீனா."

"நிஜமாவா, பொய்யாவா?"

"இது நிஜம்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மேசைமேல் தட்டு பாதி ஈரத்தோடு கிடந்தது. அப்படியே விட முடியுமா? திரவத்தைப் பரப்பி, குழாயை இறக்கி, சுவிட்சைப் போட்டேன். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்று தொடங்கும்போது ஒரு கை வந்து சுவிட்சை அணைத்தது.

"போதும்" என்றாள். "கடைக்காரர் சொன்னதை நீங்கதானே எனக்குச் சொன்னீங்க?"

அங்கே போனபின் எத்தனை மெசேஜ் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பதிலுக்கு எனக்கும் ஒரு விதி. ஷெல்டருக்குள் போகும் முன் மெசேஜ் போட வேண்டும். வெளியே வந்ததும் மெசேஜ் போட வேண்டும். "நான் கட்டைவிரல் அனுப்புவேன்" என்றாள். உடனே அனுப்புவாயா என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றாள்.

மாலையில் ஃபிலோ வந்தாள். கைப்பேசியில் ஏன் இத்தனை அழைப்பு என்று கேட்டாள். சொன்னோம். முழுதாகக் கேட்டுவிட்டு, "அரிசி போச்சா?" என்றாள். அவள் எப்போதும் இப்படித்தான். எந்த நெருக்கடியிலும் எது உண்மையான நஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.

ரீனா ஹாலில் உட்கார்ந்து பல்கலைக்கழகத்துக்குப் பதிலை அனுப்பினாள். பிறகு, கழுவிய அந்தத் தட்டைச் சுழலவிட்டு, "உக்காருங்கப்பா. ஒரு சைடு முழுக்கக் கேளுங்க" என்றாள். உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது, தெரியுமா? இத்தனை மாதம் கழுவியதில் இதற்குள் பாட்டு இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மூன்றாவது பாட்டின் நடுவில் ஓரிடத்தில் 'டிக்' என்றது. ஒரு துகள். ரீனா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

சரி... பாதிதான் எழுந்தேன்.