கடைக்குள் வாய் திறக்காத குளோறி அக்கா

குளோறி அக்கா போய்விட்டார்.

நித்திரையிலேயே உயிர் பிரிந்துவிட்டதாம்... காலையில் போன் வந்தது. அவசரமாக எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நூடில்ஸும் சூப் கட்டியும் விற்கிற ஒரு கம்பெனியில் நான் சேல்ஸ் ரெப்பாக இருந்தபோது யாழ்ப்பாணத்துக்கு அவர்தான் ஏரியா மனேஜர். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. ஆனால் எனக்கு அவரைக் கண்டால் ஒரு பிரமிப்பு. இன்றைக்கும் அப்படித்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாழ்ப்பாணக் கரையோரம் கொழும்புத்துறையில் ஒரு கடைக்கு என்னோடு வந்தார். சாம்பிள் பையை அவர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். நான் ஓஃபர், இலவச பக்கெற், டிஸ்கவுண்ட் என்று மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினேன். கடைக்கார ஐயா இடையில் ஏதோ சொன்னார். பிறகு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவர் வலு சாவதானமாக பிஸ்கற் போத்தல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சொல்... ஒரேயொரு சொல் எனக்காகச் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபம்!

வெளியில் வந்ததும் கேட்டார்.

"அந்த மனுசன் என்ன சொன்னவர்?"

நான் என்னென்ன சொன்னேன் என்று ஒப்புவித்தேன்.

"நீர் சொன்னது எனக்குக் கேட்டது. அவர் என்ன சொன்னவர்?"

எனக்கு ஞாபகமே இல்லை.

"அப்ப திரும்பப் போய்க் கேட்டுக்கொண்டு வாரும்."

வெட்கத்தை விட்டுப் போனேன். ஐயா சிரித்தார். "பள்ளிக்கூடப் பிள்ளையள்தான் பிள்ளை இஞ்சை வாறது. உந்தப் பெரிய பக்கெற்றை ஆர் வாங்கிறது? சின்னன் இருக்கோ எண்டுதானே கேட்டனான்."

சின்ன பக்கெற் பைக்குள் இருந்தது. அக்காவின் தோளில்!!

திங்கட்கிழமை மீட்டிங்கும் அப்படித்தான். யார் கூடுதலாக விற்றது என்ற கதையே இல்லை. யாருக்கு எந்தக் கடை சரிவரவில்லையோ அந்தக் கடைக்காரராக அக்கா மாறிவிடுவார். குருநகர்க் கடை அன்ரி மாதிரி சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு, "ஐயோ தம்பி, போன கிழமை தந்ததே தூசு பிடிச்சுக் கிடக்கு" என்று தொடங்கினால் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். பிறகு ஒவ்வொருவராகப் பதில் சொல்லிப் பார்ப்போம்.

இனி எழுதப்போவதுதான் முக்கியம்.

என்னுடைய ரூட் நல்லூர்க் கோயிலைச் சுற்றியுள்ள கடைகள். திருவிழா மாதத்துக்குக் கொழும்பிலிருந்து டார்கெட் வந்தது... கோழி நூடில்ஸுக்கு! அந்த வருடத்திலேயே பெரிய டார்கெட். கோயிலில் கொடியேறினால் திருவிழா முடியும்வரை அந்தப் பக்கம் வீட்டில் முட்டை கூட அடுப்பேறாது. பாதித் திருவிழாவில் என் விற்பனை கிட்டத்தட்டப் பூச்சியம்.

டார்கெட் போட்ட கொழும்பு சேர் நேரிலேயே வந்துவிட்டார். டை கட்டிக்கொண்டு, அந்த வெயிலில்.

"இவ்வளவு சனம் வர்ற இடத்துல விக்க ஏலலன்னா எப்படி? இந்தப் பிள்ளைய நிப்பாட்டிட்டு வேற ஆளப் போடுங்க" என்றார். நான் பக்கத்தில் நிற்கும்போதே.

அப்பா படுத்த படுக்கை. வீட்டில் வேறு சம்பளம் இல்லை. அக்கா எனக்காக வாதாடுவார் என்று பார்த்தேன். அவர் சாம்பிள் பையை எடுத்துத் தோளில் போட்டார்.

"வாங்கோ சேர், ரூட்டிலை ஒருக்கா போவம். நீங்களே கதையுங்கோ. இவ பார்த்துப் பழகட்டும்."

சேருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

முதல் கடையில், கோழிப் படம் போட்ட பக்கெற்றை எடுத்த உடனேயே கடைக்கார அண்ணை கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, உதை உள்ளை கொண்டு வராதேங்கோ! கொடியேறியாச்சு."

சேர் விடவில்லை. டிஸ்கவுண்ட் என்றார், இலவசம் என்றார். அடுத்த கடையில் ஒரு அம்மா விளக்குமாற்றோடு வாசலுக்கே வந்துவிட்டார். அதற்கடுத்த கடையில் உள்ளே கூப்பிடவே இல்லை. சேர் திரும்பித் திரும்பி அக்காவைப் பார்க்கிறார். அக்கா விபூதிப் பக்கெற்றுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்...

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, பிளேன்ரீ வந்த பிறகு, அக்கா மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"சேர், அந்த ஆக்கள் என்ன சொன்னவை?"

சேர் டையைக் கழற்றிப் பொக்கற்றில் வைத்தார். "இத ஏன் முதல்லயே எனக்குச் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தால் சாட்டுச் சொல்லித் தப்பப் பாக்கிறம் எண்டு நினைச்சிருப்பியள், சேர்."

மனிதர் பிளேன்ரீயைக் குடித்து முடித்தார். பிறகு அங்கேயே போனை எடுத்து, மரக்கறி நூடில்ஸ் அனுப்பச் சொன்னார். தேர் வரைக்கும் அதைத்தான் ஓடி ஓடி விற்றேன். என்னை நிறுத்துகிற கதை பிறகு எழும்பவே இல்லை.

அன்று சேரின் வாகனம் போனதும் நான் துள்ளிக் குதித்தேன்.

"அக்கா, சேர் ஒரு பெட்டியாவது வித்திருந்தால் என்ன செய்திருப்பியள்?"

பகிடிக்குத்தான் கேட்டேன். அக்கா சிரிக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறி ஹெல்மெற்றை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"வித்திருந்தால் உம்மை நிப்பாட்டச் சொல்லி நானே எழுதியிருப்பன்."

நான் துள்ளுவதை நிறுத்தினேன். என்னைக் காப்பாற்றத்தான் கூட்டிப் போனார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்...

"ஏறுமன். குருநகருக்கு நேரம் போச்சு" என்றார்.

ஏறினேன்.

நாளை பின்னேரம் அக்காவின் கொழும்புத்துறை வீட்டில் இறுதி ஆராதனை. எங்கள் பழைய டீம் முழுக்க வருகிறது.

வாறம், அக்கா.