ஏரியின் மேல் பச்சைப் புள்ளிகள்

அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்த மாதத்தில்தான் நான் என் கம்ப்யூட்டரில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டின் மெமரியை விரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்தது போல வீடியோவாக்கிச் சென்னைக்கு அனுப்புவது என் வேலை. வாசலிலிருந்து மாடி வரை நடந்து போகிற ஒரு காட்சியைக் கம்ப்யூட்டர் வரைந்து முடிக்க நாற்பது நிமிடம் ஆகும். மெமரியின் வேகத்தை அதற்கு வைத்த அளவுக்கு மேலே ஏற்றினால் நேரம் குறையும் என்று படித்திருந்தேன். ஓவர்க்ளாக் என்பார்கள்.

ஏற்றியதும் சோதிக்க வேண்டும். அதற்கென்றே ஒரு காட்சி உண்டு. பனிமலைகளுக்கு நடுவே ஒரு ஏரி, அதன் மேல் தாழப் பறந்துபோகும் கேமரா. முடிவில் ஒரு மதிப்பெண் வரும். கொஞ்சம் ஏற்றுவேன், காட்சியை ஓடவிட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவேன், திரும்பி வந்து மதிப்பெண்ணைப் பார்ப்பேன். அது ஏறிக்கொண்டே இருந்தது.

அப்பா வெயிலில் போகக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குறுவை நடவு நேரம். முதலில் அடுத்தவர் வயலில் கூலிக்கு, பிறகு சொந்தமாக வாங்கிய மூன்று மா நிலத்தில் என்று, நடவன்றைக்கு அவர் வீட்டில் இருந்ததே இல்லை. இப்போது அம்மா வயலில் நின்றாள். அவர் கறுப்புக் கண்ணாடியோடு என் அறையில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பகலெல்லாம் அந்த ஏரியைப் பார்த்தார். ஜன்னல் வழியே சேற்று வாசனை வரும், திரையில் பனி பெய்யும். அந்த ஏரியில் மீன் உண்டா என்று ஒருமுறை கேட்டார். வரைந்தவர்கள் மீன் போடவில்லை என்றேன். போட்டிருக்கலாம் என்றார்.

திடீரென்று அறைக்கு வருவதை நிறுத்திவிட்டார். கண்ணை மூடிக் கட்டிலிலேயே கிடந்தார். இரண்டாம் நாள் சாப்பிடும்போதுதான் என்னிடம் சொன்னார்.

"பச்சைப் பச்சையாப் புள்ளி தெரியுதும்மா. அந்தத் தண்ணி மேல மினுக்மினுக்குன்னு ஓடுது."

உடனே டாக்டரைப் பார்க்கத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினோம். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் போகிற வரை அவர் ஒரு கண்ணைப் பொத்திப் பெட்டிகளைப் பார்த்தார், பிறகு மறு கண்ணைப் பொத்திப் பார்த்தார்.

டாக்டர் சொட்டு மருந்து விட்டு வெகுநேரம் பார்த்தார். கண் நன்றாக ஆறியிருக்கிறது, உள்ளேயும் குறையில்லை என்றார். புள்ளி எங்கே தெரிந்தது என்று கேட்டார். ஏரியில் என்றார் அப்பா. எந்த ஏரி என்று டாக்டர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் காட்சியை ஓடவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ஏரி வந்தது. தண்ணீரின் மேல் பச்சைப் புள்ளிகள் மினுங்கி ஓடின. அப்பா விரல் நீட்டினார்.

"எனக்கும் தெரியுதுப்பா. உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல. நான்தான் மெஷினை ரொம்ப விரட்டிட்டேன், அதான் புள்ளி வருது."

அவர் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

"இனிமே நடவையே பாக்க முடியாதோன்னு நெனச்சுக்கிட்டுக் கிடந்தேன்" என்றார்.

வேகத்தைக் குறைக்கப் போன என் கையைப் பிடித்து, இன்னொரு தரம் ஓடவிடச் சொன்னார். இந்த முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். புள்ளிகள் பெருகி, மலையடிவாரம் வரை பரவி, பனியின் மேலும் ஏறின. பிறகு திரை அப்படியே உறைந்து நின்றது.

மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டு, மெமரியை நான்கு படி இறக்கினேன். புள்ளிகள் இல்லை. நாற்பது நிமிட வேலை முப்பத்தேழில் முடிந்தது. இவ்வளவு பாடுபட்டு மூன்று நிமிடமா என்று கேட்டார் அப்பா. ஒரு காட்சிக்கு மூன்று, ஒரு வீட்டுக்கு இருபது காட்சி என்றேன். அப்படியானால் சரி என்றார்.

அடுத்த வாரம் டாக்டர் வெளியே போக அனுமதித்தார். வேலையை ஓடவிட்டு நானும் அவரோடு வயலுக்குப் போனேன். நட்ட பயிர் இன்னும் நிமிரவில்லை, வயல் தண்ணீர் முழுக்க மேகம்தான் கிடந்தது. வரப்பில் நின்றவர், வடக்கு மூலையில் ரெண்டு குத்து நாற்று வேர் பிடிக்காமல் மிதக்கிறது என்றார். அங்கிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. போய்ப் பார்த்தேன். மிதந்தன. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவற்றை மறுபடி ஊன்றச் சேற்றில் இறங்கினேன்.