விலையை வாயால் சொன்ன ராவுத்தர்

ராவுத்தரண்ணன் போய்விட்டார் என்ற செய்தி, மீனாட்சிபுரம் பால் சொசைட்டியில் நான் பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது வந்தது. எனக்குப் பின்னால் நின்ற மாட்டுத் தரகர், "இனிச் சந்தையில நிம்மதியா பேரம் பேசலாமுங்க" என்றார். அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

எங்கள் மாட்டுச் சந்தையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். விலையை வாயால் சொல்லக்கூடாது. இரண்டு தரகர்கள் துண்டுக்கடியில் கையைப் பிடித்து, விரலை அழுத்தியே பேரத்தை முடிப்பார்கள். மாட்டை வளர்த்தவள் துண்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ராவுத்தரண்ணனும் தரகர்தான். ஒருநாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, விலையைச் சந்தைக்கே கேட்கும்படி சொன்னார். "பொத்தி வெச்ச வெலையில தரகன் மட்டுந்தான் பொழைப்பானுங்க" என்பார்.

என் மாட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. வாங்க வந்த பொள்ளாச்சிக்காரரிடம், "ஒரு காம்புல பால் வராதுங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டார். விலை இறங்கியது.

"ஏனுங்கண்ணா, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று சண்டை பிடித்தேன்.

"அந்தாளு மறுக்கா வரோணுமல்ல அம்மிணி" என்றார்.

வந்தார். அடுத்த மாட்டுக்கு என் வீட்டையே விசாரித்துக்கொண்டு வந்தார்.

மற்ற தரகர்களுக்குப் பொறுக்குமா? அவரோடு யாரும் பேரம் பேசக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். சந்தைக் குத்தகைக்காரர் அவரை உள்ளேயே விடவில்லை. பிழைப்புப் போனது. அண்ணன் வாசலில் நின்று, மாடு விற்று வருபவர்களிடம் விலையைக் கேட்டு, உள்ளே போகிறவர்களிடம் சொல்லத் தொடங்கினார். பிறகு எங்களை ஏமாற்றுவது அவ்வளவு எளிதாக இல்லை. வெளியூர் வியாபாரிகளும் நம்பி வந்தார்கள். சந்தை பெருத்தது. அவருக்கு மட்டும் கடைசிவரை ஒரு தரகும் கிடைக்கவில்லை. நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

துக்கம் கேட்கப் போனபோது, "தங்கமான மனுசனுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களும் அதே தரகர்கள்தான்.

அடுத்த சந்தையில் என் கிடாரியை விற்றுவிட்டு வெளியே வந்தேன். வாசலில் அண்ணன் நிற்கும் இடம் காலியாக இருந்தது. ஒரு பெண் கறவை மாட்டோடு உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கக்கா, இன்னிக்கு என்ன வெலை போகுதுங்க?"

தரகர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு நான் அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும். பேசாமல் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

சொன்னேன். அவளுக்குக் கேட்டால் போதும் என்றுதான் ஆரம்பித்தேன்; அவர்கள் எல்லோருக்கும் கேட்டது. அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கெட்ட பழக்கம்தான். என் அடுத்த மாட்டுக்கு யார் பேரம் பேச வருவார்கள் என்று தெரியவில்லை.