விற்றதைச் சொல்லாதவன்

ரெயால் பெல்யூமேரைக் கெட்டவன் என்று எங்கள் ஊரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். குளிரில் விறைத்துப்போன எஞ்சினைக்கூட நாலு வார்த்தை திட்டியே கிளப்பிவிடுவான் என்பார்கள். ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் வெயிலைத் தேடி ஃப்ளோரிடாவுக்கு ஓட, இவன் வரியில்லாக் கணக்கு ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு ஷேர் வாங்க உட்கார்ந்தான்.

வட ஒண்டாரியோவில் தங்கச் சுரங்கத்தால் பிழைக்கிற ஊர் இது. இங்கே பல் டாக்டர்கூட ஊசி போட்டுவிட்டு, தாடை மரத்துப்போகும் வரை எந்தக் கம்பெனி எந்த ஏரிக்கரையில் தங்கம் தேடித் துளை போடுகிறது என்றுதான் பேசிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட ஊரில் ரெயால் மட்டும் சும்மா இருப்பானா?

"பேங்க் ஷேரை வாங்கிப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்கேன்" என்றாள் அவன் மனைவி ஜினெட்.

"அதுல என்ன சுவாரசியம் இருக்கு? இது பொழுதுபோக்குடி. லாபம் வந்தா அரசாங்கம் ஒரு சென்ட் கேக்காது."

"நஷ்டம் வந்தா?"

"ஆரம்பிக்கும்போதே வாயை வைக்காத."

அவள் கேட்டது நியாயமான கேள்விதான். சாதாரணக் கணக்கில் நஷ்டப்பட்டால் அதை வேறொரு லாபத்தில் கழித்து வரியையாவது குறைத்துக்கொள்ளலாம். வரியில்லாக் கணக்கில் போனது போனதுதான். அந்த இடத்தை நிரப்ப மறுபடி பணம் போடவும் விடமாட்டார்கள். எங்கள் ஊரில் லாபத்துக்கு வரியில்லை என்ற பாதியைச் சத்தமாகச் சொல்வோம், இந்த மறு பாதியை விழுங்கிவிடுவோம்.

வியாழக்கிழமை சாயந்திரம் கர்லிங். பனித்தரையில் ஒருவன் கல்லைத் தள்ளிவிட, மற்றவர்கள் அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடுகிற ஆட்டம். ரெயால் தேய்ப்பான், ஓர்வில் சாரினென் தள்ளுவான். ஓர்வில் வெல்டிங் வேலை பார்த்தவன். மனைவி இறந்த பிறகு வீட்டில் ரேடியோவோடுதான் பேச்சு. வாரத்தில் அவன் மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது அந்த ஒரு நாள்தான்.

ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுக்க வேண்டும். அப்புறம் மேசையில் ஷேர் பேச்சு. வாங்கியதை மேசையைத் தட்டிச் சொல்வோம். விற்றதை யாரும் சொல்வதில்லை. கேட்பதும் மரியாதை இல்லை. எவன் தொடங்கிவைத்த வழக்கமோ, நாசமாய்ப் போக!

அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் ரெயால் மேசையைத் தட்டினான். ஏழாம் ஏரி என்று ஒரு சின்னக் கம்பெனி. அவர்கள் துளை போடுகிற இடத்தில் தங்கம் நிச்சயம் இருக்கிறது என்று அடித்துச் சொன்னான். ஓர்வில் சாதாரணமாக இதற்கெல்லாம் பிடிகொடுக்காதவன். அன்று படகை விற்ற காசு கையில் இருந்தது.

"எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாதுடா. நீ வாங்குறப்ப நானும் வாங்குறேன். விக்கிறப்ப ஒரு வார்த்தை சொல்லிடு, அது போதும்."

"சொல்லாம எங்க போகப்போறேன்? அந்த வரியில்லாக் கணக்குலயே போடு, மொத்தமும் உனக்குத்தான்."

விலை ஏறியது. பிப்ரவரியில் மூன்று மடங்கு. துளை போட்ட முடிவு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று இருந்தபோது ரெயால் காத்திருக்கத் துணியவில்லை. ஒரு வியாழக்கிழமை காலையில் மொத்தத்தையும் விற்றான்.

"ஓர்வில்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டாள் ஜினெட்.

"சாயந்திரம் சொல்றேன்."

சாயந்திரம் அவர்கள் அணி ஜெயித்தது. மற்றவர்களைப் பணம் எடுக்கவே விடாமல் எல்லோருக்கும் ஓர்வில்லே வாங்கிக் கொடுத்தான். ரெயாலின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "எல்லாம் இந்தக் கிழவனாலதான்" என்றான். பிறகு காதருகே குனிந்தான். "இன்னும் கொஞ்சம் போடலாம்னு பாக்குறேன். என்ன சொல்ற?"

ரெயாலுக்கு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. ஊரையே வாங்கச் சொல்லிவிட்டு முதல் ஆளாக ஓடியவன் என்று அத்தனை பேர் முன்னால் தெரிய வேண்டுமா?

"உன் இஷ்டம்டா" என்றான்.

இவன் யார் தெரியுமா? போன வருடக் கோப்பை ஆட்டத்தில் படக்கூடாத துடைப்பம் கல்லில் உரசியதை ஒருவருமே பார்க்காதபோது, தானாகக் கையைத் தூக்கி "பட்டுடுச்சு" என்று சொல்லிக் கோப்பையை விட்டுக்கொடுத்தவன். கல்லுக்கு இருந்த நேர்மை காசுக்கு இல்லாமல் போயிற்றே!

அடுத்த வாரம் சொல்லலாம் என்றான். அடுத்த வாரமும் வந்தது, போனது. பனி உருகத் தொடங்குவதற்குள் முடிவு வெளியானது. தங்கம் இல்லை. சாப்பாட்டு வேளைக்குள் ஷேர் மண்ணைக் கவ்வியது.

மறுநாள் ஓர்வில் வீடு தேடி வந்தான், கையில் ஒரு பாத்திரம் நிறைய மூஸ் மான் இறைச்சிக் குழம்போடு.

"ஜினெட் உன்னை வறுத்தெடுத்திருப்பான்னு தெரியும். நான் ஒண்டிக்கட்டை, எனக்கென்ன? உனக்குத்தான் கஷ்டம். போனா போகுது விடுடா, ரெண்டு பேரும் சேந்துதான விட்டோம்."

ஜினெட் பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ரெயாலுக்கு அவமானத்தில் காது சூடேறியது. அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

"ஓர்வில், நான் விடலடா. நான் வித்துட்டேன்."

"எப்ப?"

"பிப்ரவரியில. நீ எல்லாருக்கும் வாங்கிக் குடுத்தியே, அன்னிக்குக் காலையில."

"அன்னிக்குத்தான் உங்கிட்ட கேட்டுட்டு மறுபடி போட்டேன்" என்றான் ஓர்வில், குரலை உயர்த்தாமல்.

"தப்புதான். பெரிய தப்பு. வந்ததுல பாதி உன்னுது, எடுத்துக்கோ. எப்படியும் வரி கிடையாது."

"அதை வச்சுக்கிட்டு நான் என்னடா பண்ண? காசு போனதுக்கு நேத்து ராத்திரி நான் அழலை. நீயும் என்கூட மாட்டிக்கிட்டியேன்னு நெனச்சு, தனியா உக்காந்து சிரிச்சேன். இனிமே வியாழக்கிழமை நான் யார்கூடடா உக்கார்றது?"

ரெயால் நாற்காலியை இழுத்துப் போட்டான். ஓர்வில் உட்காரவில்லை. கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பாத்திரத்தை அவசரமில்லாமல் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று ஜினெட்டுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.