படகு கிரீஸ்

அண்ணனுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண், தினமும் சைக்கிள் மிதிப்பதுபோல் காலைச் சுற்றினால் கால் திரும்ப வழி இருக்கிறது, நாள் தள்ளத் தள்ள அந்த வழி குறையும் என்று சொல்லியிருந்தார். அண்ணன் விசைப்படகு ஓட்டியவர். கால் திரும்பினால்தான் மறுபடி படகேற முடியும். பயிற்சிக்கென்று விற்கிற மெஷின் வேண்டாம் என்றுவிட்டார். என்னுடைய பழைய லேடீஸ் சைக்கிள் எங்கள் மீமிசல் வீட்டுக் கொல்லையில் உப்புக் காற்றில் துருவேறிக் கிடந்தது. அதைச் சரிசெய்து ஸ்டாண்டில் நிறுத்தினால் போதும் என்றார்.

"அதுலயா ஏறப் போறீங்க?" என்று மதினி சிரித்தார்.

"நடுவுல பார் கம்பி இல்லைல்ல. காலைத் தூக்கிப் போட வேணாம். மத்தவன் பாக்காம கதவை மட்டும் சாத்து."

அவர் கட்டிலில் சாய்ந்தபடி சொல்லச் சொல்ல நான் கழற்றினேன். தையல் வேலை செய்கிறவள் நான். ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லை. துருப்பிடித்ததை டீசலில் ஊறப்போட்டுத் தேய்த்தேன். பெடல் அச்சுக்கும் சக்கரங்களுக்கும் புது பேரிங் குண்டுகள் வாங்கினேன். அவற்றுக்கு எதைப் பூசுவது என்பதில் அண்ணனுக்குச் சந்தேகமே வரவில்லை. படகில் தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறியின் அச்சுக்கு அடைக்கிற கெட்டி கிரீஸ் ஒரு டப்பா வீட்டில் இருந்தது. எங்கள் தெருவில் கதவுக் கீலுக்குக்கூட அதுதான்.

"கடலுக்குள்ளயே கெடக்குற சாமானுக்குப் போடுறது. ஒன் சைக்கிளுக்கு என்ன கொறைச்சல்? நல்லா அமுக்கி வையித்தா."

குண்டுகள் மறையும்வரை அடைத்தேன். பின்சக்கரத்தில் செயின் மாட்டுகிற பல்சக்கரமான பிரீவீலிலும் அடைத்தேன். செயினிலும் அதையே பூசினேன்.

கைப்பிடியைக் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு கட்டி, அண்ணனை ஏற்றி உட்காரவைத்து, இடது பாதத்தைத் துணியால் பெடலோடு சுற்றினோம். இரண்டு காலும் பெடலில் இருக்கும்போது வலது கால் இழுத்த இழுப்புக்கு இடது கால் சுற்றி வந்தது. வலது காலை எடுத்துவிட்டால் பெடல் கொஞ்சம் இறங்கி நின்றுவிடும்.

"இறுக்குது. கிரீஸ் கெட்டி," என்றார் அண்ணன்.

அதைக் கேட்க எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. பார்க்க வருகிறவர்களிடம் மதினியும் அதையே சொன்னார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால் கிரீஸைப் பற்றிச் சொன்னோம்.

ஒருநாள் பிரீவீல் பிடிக்காமல் பெடல் வழுக்கி, அண்ணன் முன்னால் சாய்ந்து ஜன்னல் கம்பியில் நெற்றியை இடித்துக்கொண்டார். அதன் பிறகுதான் நான் பஸ் ஏறி ஆவுடையார்கோவில் போனேன். சைக்கிள் கடையில் நின்ற ஆண்கள் எல்லாரும் போகட்டும் என்று ஓரமாக நின்றேன். பிறகு கேட்டேன்.

"படகு கிரீஸா?" கடைக்காரர் சிரித்துவிட்டார். "சைக்கிளைக் கடல்ல விடப் போறீங்களாக்கா? பிரீவீலுக்கு கிரீஸே ஆகாது, உள்ள இருக்க பல்லு ஒட்டிக்கிரும். தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விடுங்க. குண்டுக்கு எளகுன கிரீஸ், மெலிசாப் பூசுனாப் போதும். செயினுக்கு எண்ணெய் விட்டுத் தொடைச்சிருங்க. குண்டை அமுக்கிப் பிடிக்கிற கோனை இறுக்காதீங்க. யாரு ஓட்டுறா?"

"அண்ணன்," என்றேன். இளகின கிரீஸ் கொஞ்சம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பழைய கிரீஸை எல்லாம் வழித்துக் கழுவிவிட்டு அவர் சொன்னபடியே செய்தேன். தையல் எண்ணெய் என் மெஷின் மேலேயே எப்போதும் இருப்பதுதான். முடித்துவிட்டு ஒரு விரலால் பெடலைத் தட்டினேன். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அண்ணன் ஏறி உட்கார்ந்தார். வலது காலை அவராகவே எடுத்து முக்காலியில் வைத்துக்கொண்டார். இடது பாதம் கட்டிய பெடலை நான் மேலே நிறுத்திவிட்டுக் கையை எடுத்தேன். பெடல் சட்டென்று கீழே போனது. மதினி என் தோளைப் பிடித்தார். கீழே போன பெடல் கொஞ்சம் ஆடி அங்கேயே நின்றது. மறுபடி தூக்கி வைத்தேன். மறுபடி அப்படியே. காலின் கனத்தில்தான் அது இறங்கியது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. கால் அசையவில்லை.

பின்சக்கரம் மட்டும் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைக் குனிந்து பார்த்தார்.

"அந்த டப்பா இருக்கா?"

"எந்த டப்பாண்ணே?"

"படகு டப்பா. அதையே போட்ரு."

மதினி அடுப்படிக்குப் போனார். நான் திரும்பவும் எல்லாவற்றையும் கழற்றி, கெட்டி கிரீஸை அடைத்து, கோனையும் முன்போலவே இறுக்கினேன். பிரீவீலில் மட்டும் தையல் எண்ணெயை விட்டுவைத்தேன். இன்னொரு தடவை வழுக்கி இடித்துக்கொள்ளக் கூடாது.

மறுநாள் சாயங்காலம் அண்ணனோடு படகில் போய்க்கொண்டிருந்த ஒருவர் வந்தார்.

"மிதிக்கிறீங்களாண்ணே?"

"மிதிக்கிறேன். கிரீஸ்தான் இறுக்குது."

அவர் குனிந்து பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். "ஆமா, ரொம்ப இறுக்கம்தான். போகப் போகச் சரியாயிரும்," என்றார்.

நான் தலை குனிந்து தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். அவர் போகும்வரை நிறுத்தவில்லை.