மூடியின் உட்பக்கத்தில் மூன்று வரி

என் வீட்டுக்காரருக்குப் பொறாமை என்றால் என்னவென்றே தெரியாது. அவருக்கும் சேர்த்து நானே பட்டுக்கொள்வேன்.

அவர் ஹீட் பம்ப் மெக்கானிக். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கி, வெயில் காலத்தில் அதே வீட்டைக் குளிர வைக்கிற எந்திரம் அது. உள்ளே சுவரில் ஒரு பெட்டி, வெளியே சுவரோரம் விசிறியோடு ஒரு பெட்டி. வெளிப்பெட்டியை அவுட்டோர் என்பார்கள். இருபது வருடமாக இந்த வட்டாரத்து அவுட்டோர்களுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தே அவர் முழங்கால் தேய்ந்துவிட்டது. வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டே, "விசிறியில இலை சிக்கியிருக்கு" என்பார். திறந்தால் இலை இருக்கும். பேச்சு மட்டும் வராது. வீடு சூடாகவில்லை என்று ஒருவர் கால் மணி நேரம் புலம்பினாலும், "ஃபில்டரக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். கழுவினால் சரியாகிவிடும். ஆனால் இரண்டு வார்த்தை பேசுகிறவருக்கு யார் மரியாதை தருவார்கள்?

என் தங்கை வீட்டுக்காரருக்கும் இதே தொழில்தான். அவர் பேசினால் ஊமைக்கும் வாய் வந்துவிடும். ஃபில்டரில் தூசி அடைத்தால் எந்திரம் எப்படி மூச்சு முட்டும், அவுட்டோர்மேல் ஏன் போர்வை போர்த்தக் கூடாது என்று செல்போனில் படம் காட்டி விளக்குவார். கேட்கிறவர்களுக்கு, அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்பே பாதி ரிப்பேர் முடிந்த திருப்தி வந்துவிடும். கேட்கக் கேட்க எனக்கு வயிறு பற்றி எரியும்.

அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். தங்கை சின்ன வயதிலிருந்தே "என் தங்கம்". நான் "பெரியவ". தங்கம் படிக்கும், பெரியவ பாத்திரம் கழுவுவாள். அம்மா தங்கையின் தலையை வருடிவிடுவதைக் கதவோரம் நின்று பார்த்தவள் நான். மாப்பிள்ளைகள் வந்த பிறகாவது தராசு என் பக்கம் சாயும் என்று நம்பினேன். அம்மா வீட்டு ஹீட் பம்பை மாட்டியவர் என் வீட்டுக்காரர். பத்து வருடம் அதைப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். அந்த ஒரு விஷயத்தில் நான் தங்கைக்கு ஒரு படி மேலே.

போன குளிர்காலத்தில் அதுவும் போயிற்று. என் வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்திருந்தபோது அந்த எந்திரம் மக்கர் பண்ண, சின்ன மாப்பிள்ளை போய்ச் சரிசெய்தார். அன்றிலிருந்து அம்மா போனை எடுத்தால் ஒரே பாட்டு.

"சின்ன மாப்பிள்ளை கை பட்டதும் மெஷினே புதுசாயிடுச்சு. எவ்வளவு விவரமா சொல்றார் தெரியுமா? உன் வீட்டுக்காரரும்தான் இருக்காரே, வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமோ?"

சகலையைத் தம்பி என்றே கூப்பிடும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தம்பி நல்லாத்தான் செய்வான்" என்றார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்த மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம். அவுட்டோரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் அதன் உட்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதுவார்கள். எந்தத் தேதி, என்ன செய்தது, எதை மாற்றியது. அடுத்து வருகிறவர் யாரானாலும் அதைப் படித்த பிறகுதான் கை வைப்பார். "மூடியப் படிக்காம மெஷினத் தொடக் கூடாது" என்பது என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்லும் ஒரே நீளமான வாக்கியம்.

வெயில் காலத்தில் ஒருநாள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். சோறு போடும்போதும் சின்ன மாப்பிள்ளை புராணம். கை கழுவுகிற சாக்கில் எழுந்தேன். அம்மா அசந்து தூங்கும் வரை காத்திருந்து, மேசை இழுப்பறையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். நான்கு ஸ்க்ரூதான். மூடி கையோடு வந்தது.

மேலே என் வீட்டுக்காரரின் கோழிக் கிறுக்கலில் பத்து வருடத்துக்குப் பத்து வரி. கீழே அச்சடித்த மாதிரி மூன்று வரி. கடைசியில் ஒரு சுழித்த கையெழுத்து வேறு. அந்தச் சுழியைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. தங்கை குளியலறையில் விட்டுப்போன நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து, மூன்று வரியையும் துடைத்து எடுத்தேன். என்ன எழுதியிருந்தது என்று படிக்கக்கூட இல்லை. மூடியை மாட்டிவிட்டு வந்து படுத்தேன். அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குளிர் தொடங்குவதற்கு முன் எந்திரத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். தங்கை வீட்டுக்காரர் வெளியூர் வேலையில் இருந்ததால் அம்மா எங்களைக் கூப்பிட்டாள். நானும் கூடவே போனேன். என் வீட்டுக்காரர் ஃபில்டரைக் கழுவினார், அவுட்டோரின் தகடுகளில் படிந்த தூசியைத் தண்ணீர் அடித்துப் போக்கினார், பிறகு மூடியைத் திறந்தார். தன் பத்து வரிக்குக் கீழே விரலால் தடவினார்.

"தம்பி எழுதாம போகமாட்டானே" என்றார்.

"மறந்திருப்பார்" என்றேன்.

உள்ளே சர்க்யூட் போர்டில் ஒரு பொடிச் சுவிட்ச் இடம் மாறியிருப்பதைப் பார்த்தார். தான் வைத்தது அப்படி இல்லையே என்று யோசித்து, தம்பியைக் கேட்கலாம் என்று போனை எடுத்தார்.

"இந்த மெஷின மாட்டினதே நீங்கதான். இதுக்குப் போய் அவர்கிட்ட கேப்பீங்களா?"

போன் சட்டைப் பைக்குள் திரும்பிப் போயிற்று. சுவிட்சைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு மூடியை மூடினார்.

பத்து நாள் கழித்துக் கடுங்குளிர் இறங்கியது. குளிர்காலத்தில் அவுட்டோரின் தகடுகளில் பனி படியும். அதை அவ்வப்போது எந்திரமே உருக்கிக்கொள்ளும். எப்போது உருக்குவது என்று அதற்குச் சொல்ல ஒரு சென்சார் உண்டு. அம்மா வீட்டு எந்திரம் உருக்கவே இல்லை. ஒரே நாளில் அவுட்டோர் முழுவதும் பனிக்கட்டியாக இறுகி, விசிறி நின்றுவிட்டது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை அம்மாவைக் குளிரில் போட்டது. எங்களிடம் சொல்ல மனமில்லாமல், இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே ஒரு பகலும் இரவும் உட்கார்ந்திருந்திருக்கிறாள். மறுநாள் காலையில் சின்ன மாப்பிள்ளைக்குத்தான் போன் போயிற்று.

தங்கை போன் செய்து சொல்ல, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தங்கையும் அவள் வீட்டுக்காரரும் வந்துவிட்டிருந்தார்கள். அம்மாவின் உதடு வெளுத்திருந்தது. தங்கை அவள் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பனியைக் கரைத்தார். தங்கை வீட்டுக்காரர் மூடியைக் கழற்றினார்.

"அண்ணே, சுவிட்ச ஏன் மாத்தினீங்க? போன வருஷம் பழைய வகை சென்சார் கிடைக்கல, வேற வகை போட்டேன். பாக்க ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். அதுக்காகத்தான் சுவிட்ச மாத்தினேன். தொடாதீங்கன்னு மூடியில எழுதியிருந்தேனே!"

மூடியைத் திருப்பினார். பத்து வரிக்குக் கீழே வெறும் தகரம். துடைத்த இடம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சத்தத்தை வைத்தே எந்திரத்தின் நோயைச் சொல்கிறவர். பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தவளின் முகத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"நான்தான் அழிச்சேன்" என்றார்.

"அண்ணே, நீங்களா?"

"ஆமா. பொறாமை."

தங்கை வீட்டுக்காரருக்கே வாயடைத்துப் போயிற்று. அம்மா என் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க யாரையும் ஒரு சொல் குறை சொல்லாத மனிதர், கையில் தண்ணீர் மக்கோடு தலை குனிந்து நின்றார். என்னால் தாங்க முடியவில்லை.

"அவர் இல்ல. நான்தான். வெயில் காலத்துல வந்தப்போ ரிமூவர் போட்டு நான்தான் துடைச்சேன். எனக்குத்தான் பொறாமை!" என்று கத்திவிட்டேன்.

அம்மா எழுந்து வந்தாள். அறையப் போகிறாள் என்று நினைத்தேன்.

"உனக்கு ஸ்க்ரூ டிரைவரப் பிடிக்கத் தெரியுமாடி?" என்றாள். மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "பாருங்க இவள. புருஷன் தலை குனியக் கூடாதுன்னு பழியத் தன் தலைல போட்டுக்கிறா. இப்படிப்பட்ட மனசு யாருக்கு வரும்? என் தங்கமே!"

அம்மாவின் கை என் தலையில் இறங்கியது.

"இல்லம்மா, நெஜமாவே..."

"போதும், சும்மா இரு. எனக்குத் தெரியும்."

தங்கையைப் பார்த்தேன். வாய் லேசாகக் கோணி, கண் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பது வருடமாக நான் போட்டுக்கொண்டிருந்த முகம் அது.

என் வீட்டுக்காரர் சுவிட்சைத் தம்பி சொன்ன இடத்துக்குத் தள்ளினார். விசிறி சுற்றத் தொடங்கியது. மார்க்கர் பேனாவை எடுத்து, மூடியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, தம்பி சொல்லச் சொல்ல அந்த மூன்று வரியையும் தன் கோழிக் கிறுக்கலில் எழுதினார். கீழே தம்பியின் பெயரையும் எழுதினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அம்மாவின் கை இன்னும் என் தலையில்தான் இருந்தது. விலகி, அவர் பக்கத்தில் போய்க் குந்தியிருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கை இருக்கட்டும் என்று அசையாமல் நின்றேன்.