சாமி மேடையில் இருந்த பஸ் அட்டை

பழைய டீசல் பஸ் இரண்டு தெரு தள்ளி வரும்போதே எனக்குச் சமையலறையில் கேட்டுவிடும். அடுப்பை அணைத்து, பூக்கூடையை எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு நடந்தால் சரியாக இருக்கும். போகும்போது அது விடுகிற கறுப்புப் புகையில், கொடியில் காய்கிற வேட்டியை மறுபடியும் அலச வேண்டியிருக்கும். அது வேறு விஷயம். எங்கள் தாமானுக்குள், அதாவது குடியிருப்புக்குள், மின்சாரப் பஸ் வந்த முதல் வாரம் நான் அதை இரண்டு தடவை தவறவிட்டேன். சின்ன பஸ், சத்தமே இல்லை. பூனை மாதிரி வந்து பூனை மாதிரி போய்விட்டது.

எனக்கு அந்தப் பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. என் வீட்டுக்காரருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனபிறகு மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டோம். மருமகன் விடிவதற்கு முன்பே பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுவார். கெலாங் பாத்தா பக்கத்தில் இருக்கிற முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அபிஷேகம். அதற்கு நான் கட்டின மாலை போய்ச் சேர வேண்டும். யாரையும் கெஞ்சாமல், என் காலில் நான் போய்வருகிற ஒரே இடம் அதுதான்.

முதல் வெள்ளிக்கிழமை புது பஸ்ஸின் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். டிரைவர் நம்ம ஆள், நாற்பது வயதிருக்கும். தலையை வெளியே நீட்டினார்.

“ஆன்ட்டி, சார்ஜ் ஃபுல்லா இருக்கு லா. பழம் எதுக்கு?”

“சார்ஜ் வண்டிக்கு. பழம் ஊர்க் கண்ணுக்கு. பேசாம ஏத்து தம்பி.”

சிரித்துக்கொண்டே ஏற்றினார். அன்றிலிருந்து அவரும் நாங்களும் ஒரே குடும்பம் மாதிரி. நாங்கள் என்றால், கோயிலுக்குப் போகிற ஆறு பெண்கள். எல்லாருக்கும் அறுபது தாண்டிவிட்டது. அதனால் பஸ்ஸில் காசில்லை. அதற்கு ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். அடையாள அட்டைக்குப் பிறகு, என் படமும் பெயரும் போட்டு எனக்கென்று வந்தது அது ஒன்றுதான். ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு அது பெரிய விஷயம். கோயிலில் கொடுத்த வேல் பொறித்த செப்புத் தகட்டையும் அதையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே குங்குமம் வைத்து, சாமி மேடையில் முருகன் காலடியில் வைத்தேன். நான் செய்ததைப் பார்த்து மற்ற ஐந்து பேரும் அப்படியே செய்தார்கள். இலவசப் பயணத்துக்கு அட்டை எதற்கு என்று நாங்கள் நினைத்தோம். டிரைவரும், “உங்க முகமே கார்டு ஆன்ட்டி, ஏறுங்க” என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஒரு மலாய்ப் பெண் உட்கார்ந்திருந்தாள். தலையில் தூடோங் முக்காடு, மடியில் கணினிப் பலகை. பஸ் அலுவலகத்திலிருந்து வந்திருந்தாள். இந்த மாதத்தோடு பஸ் எங்கள் தாமானுக்குள் வராது, பெரிய சாலையிலேயே நேராகப் போய்விடும் என்று மலாயில் சொன்னாள். சுற்றி வருகிற நேரமும் மின்சாரமும் மிச்சமானால், பட்டணத்துப் பக்கம் கூட ஒரு நடை விடலாமாம். அங்கே மத்தியானத்தில் ஏற இடமில்லாமல் ஜனங்கள் வெயிலில் நிற்கிறார்களாம்.

“நாங்க ஆறு பேர் இப்பத்தானே ஏறினோம், கண்ணு முன்னாடி!” என்றேன், என் அரைகுறை மலாயில்.

அவள் பலகையைத் திருப்பிக் காட்டினாள். எங்கள் நிறுத்தத்துக்கு நேராக ஒரு பெரிய பூஜ்ஜியம்.

“கோசோங், மாக்சிக்” என்றாள். காலியாம், ஆன்ட்டி.

“கார்டு தட்டுனாத்தான் மெஷினுக்குத் தெரியும் ஆன்ட்டி. நான்தான் வேணாம்னு விட்டுட்டேன்” என்றார் டிரைவர். முகம் சுண்டிப் போயிருந்தது. “கார்டு எங்க வெச்சிருக்கீங்க?”

“சாமி மேடையில.”

“என்னோடதும்” என்றது பின்சீட்டு. “எங்க எல்லாரோடதும் அங்கதான்.”

டிரைவர் அதை மலாயில் சொன்னதும் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, மாதம் முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, அதற்குள் யார் ஏறுகிறார்கள் என்பது பதிவானால் மறுபடி யோசிப்பார்கள் என்றாள்.

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காலி பஸ்ஸை ஊர் சுற்ற விடுவது வீண்தானே. ஆனால் பஸ் காலியில்லை, நாங்கள்தான் அதைக் காலியாக்கி வைத்திருந்தோம். அன்று அபிஷேகத்தில் முருகனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சாயங்காலம் வீடு வீடாகப் போனேன். கோடி வீட்டு அம்மா தயங்கினார். “சாமிகிட்ட வெச்சதத் திருப்பி எடுக்கலாமாக்கா?”

“முருகனே மயில்ல ஊர் சுத்துறவரு. பஸ் கார்ட எடுக்காதேன்னா சொல்லப் போறாரு?”

என் வீட்டுக்காரருக்கு வேறு யோசனை. “நானும் சும்மா ரெண்டு ரவுண்டு போய்த் தட்டிட்டு வரட்டுமா? எண்ணிக்கை ஏறும்ல.”

“பொய்க்கு ஏறாதீங்க. ஏறுறதுன்னா கோயிலுக்கு வாங்க.”

முட்டி வலியைச் சாக்கு வைத்து ஒரு வருஷமாகக் கோயில் பக்கமே வராத மனிதர். தொலைக்காட்சியைப் போட்டுக்கொண்டார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை சட்டை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நிறுத்தத்தில் நின்றார்.

பஸ் வந்தது. உறையோடு அட்டையை இயந்திரத்தில் வைத்தேன். சிவப்பு விளக்கு. திருப்பி வைத்தேன், மறுபடியும் சிவப்பு. பின்னால் ஐந்து பேரும் “ஐயோ முருகா” என்றார்கள். டிரைவர் உறையை வாங்கிப் பார்த்தார்.

“உள்ள செப்புத் தகடு இருக்கே ஆன்ட்டி! அது இருந்தா மெஷின் படிக்காது. முருகன கொஞ்சம் இறக்கிட்டு நீங்க மட்டும் தட்டுங்க.”

தகட்டைக் கண்ணில் ஒற்றி இடுப்பில் செருகிக்கொண்டு தட்டினேன். ‘பீப்’. பச்சை விளக்கு. எனக்குப் பின்னால் மற்றவர்களும் தகட்டை எடுத்துவிட்டுத் தட்ட ஐந்து ‘பீப்’, அதற்கும் பிறகு கடைசியாக என் வீட்டுக்காரருடையது. நாங்கள் இருக்கிறோம் என்று அந்த இயந்திரத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. மாதம் முடிகிறவரை கோயிலுக்கு, சந்தைக்கு, கிளினிக்குக்கு என்று தாமானில் யார் ஏறினாலும், “தட்டுனீங்களா?” என்று கேட்பதே என் வேலையாக இருந்தது.

மாதக் கடைசியில் நிறுத்தத்தில் ஒரு தாள் ஒட்டினார்கள். காலையும் மாலையும் பஸ் தாமானுக்குள் வரும். மத்தியானத்தில் மட்டும் பெரிய சாலையோடு போய்விடும், அந்த நேரத்தில் பட்டணத்துக்குக் கூடுதலாக ஒரு நடை உண்டு. தாளின் மூலையில் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டு வந்தேன்.

கோயிலிலிருந்து நாங்கள் திரும்புவது மத்தியானம். ஆகவே போகும்போது பஸ், திரும்பும்போது பெரிய சாலையிலிருந்து நடை. ஒரே குடைக்குள் என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே வருகிறார். தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னதை ஒரு வருஷமாகக் கேட்காதவர், இப்போது வெள்ளிக்கிழமையானால் பிரசாதப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு, என்னைவிட இரண்டு அடி முன்னால் நடக்கிறார்.